பந்தியில் அமரும் துணிவு

'பங்கு' என்பது நம் தமிழில் பொருள் செறிந்த ஒரு சொல். பகுத்துக் கொடுக்கப்படும் கூறும் பங்கு. ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட இறைமக்கள் கூட்டமும் பங்கு. பங்கிடுதல், பங்கேற்றல், பங்காளி என அதன் கிளைகள் விரிகின்றன. அவற்றுள் 'பங்காளி' என்னும் சொல் நம் ஊர்ப்புறங்களில் இருமுகம் காட்டுவது. ஒரே சொத்தில் உரிமை உடையவன் பங்காளி. அந்த உரிமையின் பேரிலேயே வரப்புக்கு வரப்பு வழக்காடுகிறவனும் பங்காளியே. ஒரு கத்தோலிக்கப் பங்கின் வாழ்வை இத்தனை நுட்பமாக உணர்த்தும் வேறொரு சொல் உண்டா என நாம் பலமுறை வியந்ததுண்டு. ஒரே தந்தையின் சொத்துக்கு உரியவர்கள் நாம். அந்தச் சொத்தைச் சுற்றி வேலியிட முந்துகிறவர்களும் நாமே.

உறுதிபூசுதலுக்குச் சிறாரை ஆயத்தம் செய்யும் வகுப்புகளில் தூய ஆவியாரின் ஏழு கொடைகளையும் வரிசையாகச் சொல்லக் கேட்கிறோம். நம் முன்னோர் 'திடம்' என்று மொழிந்த துணிவு என்னும் கொடைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், சிறுவர் தயங்காமல் மறைசாட்சிகளைச் சுட்டுவர். உரோமையின் அரங்கில் விலங்குகளின் முன் நின்றோர், 1693-ஆம் ஆண்டு ஓரியூரில் தலை வெட்டுண்ட புனித அருளானந்தர் எனப் பட்டியல் நீளும். அவ்விடை சரியே. ஆயினும் அவ்வகுப்பை முடித்து எழும் வேளையில் நம் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சி நிற்கும். பகைவர்முன் நிற்கும் துணிவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், சொந்தக்காரர்முன் நிற்கும் துணிவைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்? குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்த பின் நமக்குத் தெளிவாகத் தோன்றுவது இதுவே: பங்கு வாழ்வுக்கு மிகுதியும் தேவைப்படுவது இந்த இரண்டாம் வகைத் துணிவு, மிக அரிதாகக் காணக் கிடைப்பதும் அதுதான்.

அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

விவிலியத்தில் இதற்குப் பேதுருவைவிடத் தெளிவான சான்று வேறில்லை. திருத்தூதர் பணிகள் நூலைப் புரட்டிப் பாருங்கள். தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது அவர் நாக்குழறவில்லை. சாட்டையடி பட்டபோது, இயேசுவின் பெயருக்காக இழிவுபடும் பேறு கிட்டியதே என மகிழ்ந்து திரும்பினார். ஏரோதின் சிறையில், இரு படைவீரரிடையே சங்கிலியால் கட்டுண்டு கிடந்த இரவிலும் அவர் அயர்ந்து உறங்கினார். மறுநாள் தம் உயிர் போகக்கூடும் என்று அறிந்திருந்தும் உறங்க முடிந்தவர் அவர்!

அதே பேதுரு அந்தியோக்கியாவுக்கு வருகிறார். அங்கே யூதரும் பிற இனத்தாருமாக நம்பிக்கை கொண்டோர் ஒரே பந்தியில் உண்கின்றனர். பேதுருவும் அவர்களோடு அமர்ந்து உண்கிறார். கொர்னேலியுவின் வீட்டில் கடவுள் அவருக்குக் கற்பித்த பாடமும் அதுவே. இந்நிலையில் எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்து சேர்கின்றனர். அவர்கள் கையில் வாளும் இல்லை, சங்கிலியும் இல்லை. எனினும் பேதுரு மெல்லப் பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். அவர் அஞ்சினார் என்று புனித பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் மறைக்காமல் எழுதுகிறார். பேதுரு விலகவே மற்ற யூதக் கிறிஸ்தவரும் விலகினர். பர்னபாவும் அவர்கள் பின்னே இழுக்கப்பட்டார். பவுலடியார் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்து நின்றார்.

குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாள்களில், விருத்தசேதனம், திருச்சட்டம், ஏற்புடைமை எனப் பெரிய சொற்களின் வழியாகவே இதனை அணுகினோம். பங்கில் வாழத் தொடங்கிய பின்னரே இதிலுள்ள மிக எளிய உண்மை நமக்கு உறைத்தது. ஏரோதுக்கு அஞ்சாத மனிதர், தம் ஊர்க்காரர் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சினார். பகைவன் நம் உடலைத்தான் துன்புறுத்துவான். சொந்தக்காரனோ நம்மை ஒதுக்கிவைப்பான். நம் வீட்டு நன்மை தீமைகளுக்கு வரமாட்டான். நம் பெண்ணை எடுக்கமாட்டான். நம் சாவுக்குத் தோள் கொடுக்கமாட்டான். இந்த அச்சத்தின் முன் நம்பிக்கையில் தேர்ந்தவரும் கால் இடறுவதுண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பவுலடியார் இதனைப் பந்தி நாகரிகம் பற்றிய சிறு பிணக்காகக் கருதவில்லை. நற்செய்தியே அங்கு ஆட்டம் காண்பதாக அவர் கண்டார். ஆண்டவரின் விருந்தும் அன்பின் உணவும் ஒன்றோடொன்று இணைந்திருந்த காலம் அது. பந்தி இரண்டானால் பலியும் இரண்டாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வடக்கன்குளத்தில் ஒரு சுவர்

நம் தமிழ் மண்ணில் இந்த உண்மை ஓர் ஊரின் வரலாற்றில் கல்லும் சுண்ணாம்புமாக எழுதப்பட்டிருக்கிறது. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தை அறியாத கத்தோலிக்கர் குறைவு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்டன், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்துக்கு வந்து, 1745 மே 14 அன்று சேசு சபைக் குருவின் கரங்களால் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். எருமையின்மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் துயில்கிறது.

இவை நாம் அனைவரும் அறிந்தவை. அவர் எல்லா மனிதரும் சமம் என்று சாதி வேறுபாட்டுக்கு எதிராக வலியுறுத்தியதும், அது உயர்நிலையில் இருந்தோரின் பகையைக் கிளறியதும் அவரைப் பற்றிய வத்திக்கான் குறிப்பிலேயே இடம்பெற்றுள்ளன. எனில், துப்பாக்கியின் முன் நிற்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே அவருடைய துணிவு தொடங்கிவிட்டது. தம்மினும் தாழ்ந்தோர் என்று தம் வீட்டார் கற்பித்த மக்களோடு சேர்ந்து அமர்ந்தபோதே அவர் தம் உயிரைப் பணயம் வைத்துவிட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்திய வேளையில், நெடுநாள் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் களையப்பட்டு, 'தேவசகாயம்' என்ற திருமுழுக்குப் பெயர் மட்டுமே ஒலித்தது. அது மிகப் பொருத்தமானதே.

ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், அவருக்குப் பின் நூறாண்டு கடந்து எழுந்த பெரிய ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். இரு தரப்புச் சாதியார் ஒரே கூடத்தில் அமர மறுத்தமையால், காற்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு கூடங்கள் எழுப்பப்பட்டன. இரண்டும் சென்று சேரும் இடத்தில் பலிபீடம். பிரிவினைக்குச் சுவர். இரு புறத்தாரும் குருவைக் காணலாம், பலியைக் காணலாம். ஒருவர் மற்றவரைக் காண வேண்டியதில்லை! 1910-ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தோர் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றனர். சுவரை மீட்க அவர்களால் இயலவில்லை.

இடித்த குருக்களின் துணிவை வரலாறு பதிந்திருக்கிறது. நாம் நினைத்துப் பார்ப்பது, பெயர் பதியப்படாத வேறு சிலரை. சுவர் இல்லாத ஆலயத்துக்குள் முதல் ஞாயிறன்று நுழைந்து, யார் பக்கத்தில் உட்காருவது என ஒரு கணம் தயங்கி, பிறகு உட்கார்ந்துவிட்ட ஏதோ ஒரு குடும்பம் இருந்திருக்க வேண்டுமன்றோ! கல்லை இடிப்பதற்குக் கடப்பாரை போதும். உட்காருவதற்குத்தான் அருள் வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு வழி

இவை பழங்கதைகள் என்று ஆறுதல் கொள்ள நமக்கு உரிமையில்லை. சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த புனித இரண்டாம் யோவான் பவுல் இதனைப் பற்றிக் கண்டிப்புடன் பேசினார். 2016-இல் தலித் மக்களுக்கென ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கையையே வெளியிட்டது. மறுபுறம், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்துக்கொண்ட பின்னும், பட்டியலினத்தாருக்கான உரிமைகளிலிருந்து தலித் கிறிஸ்தவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. அரசு, 'நீங்கள் கிறிஸ்தவர். உங்களுக்குச் சாதியில்லை' என்கிறது. ஊர், 'நீங்கள் கிறிஸ்தவராயினும் இன்ன சாதி' என்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் நம் சகோதரனுக்குத் திருச்சபை சொல்லும் மறுமொழி சுற்றறிக்கையில் மட்டும் இருந்தால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிராமப் பங்கு ஒன்றில், ஆலயத்துக்குள் பிரிவினை ஏதும் இல்லை. ஒரே பலிபீடம், ஒரே பாடற்குழு, ஒரே நற்கருணை வரிசை. அன்பியங்கள் எட்டு இருந்தன. ஆனால் அன்பியங்கள் தெருவாரியாக அமைந்தன. தெருக்களோ சாதிவாரியாக அமைந்தவை. ஆகவே இறைவார்த்தையைப் பகிரக் கூடும் குழுவும் உறவுமுறைக் கூட்டமாகவே இருந்தது. மேலத்தெருவையும் தெற்குத்தெருவையும் குறுக்காக வெட்டி எல்லைகளை மாற்றி வகுத்தோம். முதல் சில மாதங்கள், செபம் முடிந்து கடுங்காப்பி வரும் நேரம் பார்த்துச் சிலருக்கு வீட்டில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. விவிலியப் பகிர்வைவிட அந்தக் காப்பித் தம்ளரே பங்கின் நம்பிக்கையை அளக்கும் கருவியாக நமக்குத் தெரிந்தது.

அப்பங்கின் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கற்சுவர் நின்றது. வாயில்கள் இரண்டு. சடலத்தை ஏற்றிச் செல்லும் தூம்பாக்களும் இரண்டு. உயிரோடிருக்கையில் ஒரே அப்பத்தை உண்டவர்கள், இறந்த பின் அருகருகே உறங்கலாகாது என்பது ஊரின் எழுதாச் சட்டம்.

மேலத்தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் ஞாயிறுதோறும் மறைக்கல்வி கற்பித்தவர். அவரோடு சேர்ந்து கற்பித்தவர், தெற்குத்தெருவில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு தாய். இருவருமாகப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்த பிள்ளைகள் இன்று ஊருக்குள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டனர். தெற்குத்தெருத் தாய் முதலில் இறந்தார். அடுத்த தவக்காலத்தில் ஆசிரியை, மடித்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து எம்மிடம் தந்தார். தம்மைத் தம் தோழியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பதே அதன் வாசகம்.

"கடவுள் எல்லாருக்கும் அப்பான்னு முப்பது வருசம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம் சாமி. நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தா, சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும்" என்றார் அவர்.

இறையியல் படித்த நாம் திருச்சபையின் இயல்பைப் பற்றி இதைவிடத் தெளிவான ஒரு விளக்கத்தை எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

செய்தி தெருக்களில் பரவியது. மேலத்தெரு சினந்தது எதிர்பார்த்ததே. தெற்குத்தெரு இளைஞரும் சினந்தனர். "உயிரோட இருக்கையில எங்க வீட்டுல தண்ணி குடிக்காதவங்க, செத்த பிறகு நல்ல பேரு வாங்க எங்க இடத்துக்கு வர்றாங்களா சாமி?" என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லும் தகுதி நமக்கு இருக்கவில்லை. சொன்னவர் அந்தத் தாயின் மகள். "எங்க அம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ டீச்சர் மூணு ராத்திரி எங்க திண்ணையிலதான் படுத்தாங்க. எங்க பானையிலதான் தண்ணி மொண்டு குடிச்சாங்க. அவங்களுக்கு அங்க இடமில்லேன்னா எனக்கும் அங்க இடம் வேண்டாம்" என்றார். இளைஞர் அதன்பின் பேசவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஐப்பசி மழையில் ஆசிரியை இறந்தார். அன்றிரவு மூத்த மகன் பங்கு இல்லத்துக்கு வந்தார். உறவின் பெரியவர்கள் முடிவு சொல்லிவிட்டிருந்தனர்: சுவரைத் தாண்டினால் துக்கத்துக்கு வரமாட்டோம்; பெண்ணுக்குப் பேசிவந்த சம்பந்தமும் அத்தோடு சரி. அவர் மகளுக்குத்தான் அந்தச் சம்பந்தம் பேசப்பட்டு வந்தது. தாயின் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். நெடுநேரம் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்குத் தூக்க ஆள் இருக்குமா சாமி?"

"நாங்க ஒருத்தர் இருப்போம்" என்றோம். அவ்வேளையில் அதற்குமேல் உறுதி சொல்ல நம்மிடம் ஏதுமில்லை.

மறுநாள் மேலத்தெருத் தூம்பா நின்ற கொட்டகையின் சாவியை வைத்திருந்தவர் வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சிறிது நேரம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது தெற்குத்தெருவிலிருந்து சக்கரம் உருளும் ஓசை கேட்டது. தங்கள் தூம்பாவைத் தள்ளிக்கொண்டு இளைஞர் வந்தனர். முன்பு சினந்து கேள்வி கேட்டவர்களும் அவர்களில் இருந்தனர். அந்தத் தூம்பா மேலத்தெருவுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. மகன்கள் இருவர், உடன் பணியாற்றிய முதிய ஆசிரியர் ஒருவர், மேலத்தெருவின் பழைய மாணவர் மூவர் என ஆறு பேர் அதன்மேல் கை வைத்தனர். உறவினர் பலர் கல்லறைத் தோட்டத்து வாயிலோடு நின்றுகொண்டனர். அடக்கம் முடிந்தது. சம்பந்தமும் முறிந்தது. அந்த இழப்பை ஈடுசெய்து நாம் இங்கே எழுதத்தக்க இனிய முடிவு எதுவும் இல்லை. துணிவுக்கு விலை உண்டு. அந்த விலையை அக்குடும்பம் செலுத்தியது.

இரண்டு வாரத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. ஆசிரியையிடம் படித்தவர்கள் மேலத்தெருவில் நிறையப் பேர். மெழுகுதிரியும் செவ்வந்தியும் கொண்டு வந்தவர்கள், தங்கள் முன்னோரின் கல்லறைகளை முடித்துக்கொண்டு, ஆசிரியைக்கும் ஒரு திரி ஏற்ற விரும்பினர். வெளியே போய், சேற்று வழியே சுற்றிக்கொண்டு மறு வாயிலால் வரவேண்டும். இளையோர் சுவரைத் தாண்டிக் குதித்தனர். முதிய பெண்களால் அது முடியவில்லை. யார் முதலில் செய்தார் என்று நாம் அறியோம். நாம் மந்திரித்துக்கொண்டு அப்பக்கம் திரும்பியபோது சுவரின் மேற்கற்கள் சில எடுக்கப்பட்டிருந்தன. ஒரு பாட்டியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த கற்களை மறுநாள் யாரும் திரும்ப வைக்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் சில கற்கள் குறைந்தன. நாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகி வரும்போது மூன்று முழ அகலத்துக்கு அங்கே வழி இருந்தது. சுவர் முழுமையாக விழுந்துவிட்டது என்று எழுத நமக்கும் ஆசைதான். மற்ற இடத்தில் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்தியோக்கியாவில் ஒருவரின் அச்சம் பலரை இழுத்துச் சென்றது. பர்னபா போன்ற நல்லவரும் அதில் அகப்பட்டார். அச்சம் தொற்றும். ஆனால் துணிவும் தொற்றும் என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. ஒரு மூதாட்டியின் கடிதம் மகனுக்குத் துணிவு தந்தது. மகனின் துணிவு ஆறு பேரின் கைகளுக்கு வந்தது. அவர்களைக் கண்டவர்கள் ஒரு மெழுகுதிரியோடு எல்லையைத் தாண்டினர். தூய ஆவியார் தம் கொடையைத் தனி மனிதரின் நெஞ்சில் ஊன்றினாலும், அது விளைவது பங்கு என்னும் நிலத்தில்தான். அதனால்தான் தனித்து வீரனாக இருக்கும்படி ஆண்டவர் நம்மை அழைக்கவில்லை. திருவுடலின் உறுப்பாக இருக்கும்படி அழைத்திருக்கிறார்.

அன்பு வாசகரே, வரும் ஞாயிறன்று திருப்பலியில் சமாதானம் பகிரும்போது உங்கள் வலமும் இடமும் நிற்பவர் யார் எனச் சற்றே பாருங்கள். உங்கள் பங்கின் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, மண்டகப்படி யாருக்கு மட்டும் உண்டு, அன்பியத்தில் யார் வீட்டுக் காப்பி ஆறிப்போகிறது என்றும் பாருங்கள். இவற்றை மாற்றத் துப்பாக்கியின் முன் நிற்க வேண்டியதில்லை. அண்ணன் கோபிப்பார், மாமன் பேசமாட்டார், சித்தி வீட்டு விசேடத்துக்கு அழைப்பு வராது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எத்தனை கனமானது என்பதை அந்த மகன் முகத்தில் நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் இதனை எளிதென்று சொல்லமாட்டோம். ஆனால் தூக்க ஆள் இருக்குமா என்று உங்கள் பங்கில் ஒருவர் என்றாவது கேட்கக்கூடும். அன்று 'இருக்கிறேன்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.